ஜெய்சல்மேரில் டீலர் மீட்: ரிசார்ட் தேடி நான் பட்ட பாடு

கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் மார்க்கெட்டிங் பிரிவில் இருக்கிறேன். டீலர் மீட் என்றால் ஹால் பிடிப்பதில் தொடங்கி கடைசி டீலரை ஏர்போர்ட்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பி வைப்பது வரை என் தலையில்தான் விடியும். ஊட்டி, மூணாறு, கோவா என்று இத்தனை வருடம் ஓடியது. போன வருடம் போட்டிக் கம்பெனி டீலர்களைத் தாய்லாந்துக்குக் கூட்டிப்போய்விட்டது. எங்கள் எம்.டி. சும்மா இருப்பாரா? "நாம ஜெய்சல்மேர் போலாம். தண்ணி இல்லாத ஊர்ல பம்ப் டீலர் மீட்! பேனர்ல போட்டாலே நிக்கும்ல?" என்றார். பௌர்ணமி ராத்திரி, மணல்மேட்டில் விருது வழங்கும் விழா, மேடைக்குப் பின்னால் நிலா என்று பேப்பரில் படமே வரைந்து கொடுத்துவிட்டார். டீலர்கள் 84 பேர், நாங்கள் 12 பேர். தேதி 2026 பிப்ரவரி 1, ஞாயிறு, பௌர்ணமி.

ஆகஸ்டிலேயே தேட ஆரம்பித்தேன். ஜெய்சல்மேரிலிருந்து மேற்கே 40 கிலோமீட்டர் போனால் சம் மணல்மேடுகள். கேம்ப்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். ஒரு கேம்ப் அனுப்பிய போட்டோக்கள் அப்படியே அள்ளிக்கொண்டு போயின. வெள்ளைக் கூடாரங்கள், நடுவில் தீ மூட்டம், பின்னால் அலை அலையாக மணல். "சீசன் வேகமாக நிரம்புகிறது, அட்வான்ஸ் போட்டால்தான் தேதியைப் பிடித்து வைக்க முடியும்" என்றார் சேல்ஸ்காரர். நேரில் பார்க்காமல் இரண்டு லட்சம் போட்டேன். என்னுடைய முதல் தப்பு அதுதான்.

இரண்டாவது தப்பு, செப்டம்பரில் ரெக்கி, அதாவது இடத்தை நேரில் பார்க்கப் போனது. ஜெய்சல்மேருக்கு விமானம் பெரும்பாலும் குளிர்கால சீசனில்தான். அதனால் கோவையிலிருந்து மும்பை, அங்கிருந்து ஜோத்பூர், அப்புறம் பொக்ரான் வழியாக 280 கிலோமீட்டர் கார். ஐந்து மணி நேரம் வெயிலில் போய் இறங்கினால் கூடாரத்தையே காணோம். சிமென்ட் திண்டுகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு திண்டின் பின்னாலும் ஒரு பாத்ரூம் மட்டும் தனியாக நின்றது. கதவு, வாஷ்பேசின், கண்ணாடி எல்லாம் உண்டு. மணல்வெளியில் அறுபது பாத்ரூம்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கற்பனை செய்து பாருங்கள். பல கேம்ப்களில் வெயில் காலத்தில் துணியைக் கழற்றிச் சுருட்டிவிட்டு, சீசன் தொடங்கும்போதுதான் திரும்பக் கட்டுவார்களாம். சேல்ஸ்காரர் இதைப் போனில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. போட்டோவில் பார்த்த மணல்மேடு எங்கே என்று கேட்டதற்கு ரோட்டுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். காரின் மீட்டரைப் பார்த்துக்கொண்டே போனேன், இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். 'ட்யூன் வியூ' என்று எழுதியிருந்தால் கண்ணுக்குத் தெரியும் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கூடாரம் இல்லாததில் ஒரே ஒரு நன்மை: மறைக்க எதுவும் இல்லாததால் பின்பக்கம் இருந்த ஜெனரேட்டர் கண்ணில் பட்டது. அதன் பெயர்ப்பலகையை போட்டோ எடுத்து எங்கள் பிளான்ட் எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கு அனுப்பினேன். 62.5 கேவிஏ. பாத்ரூமில் இருந்த கீசர் ஒவ்வொன்றும் 2 கிலோவாட். அண்ணன் போனிலேயே கணக்குப் போட்டார்: "ரூமுக்கு ரெண்டு பேர்னா 48 ரூம். எல்லாரும் காலைல ஆறரைக்கு கீசர் போட்டா 96 கிலோவாட். இந்த ஜென்செட் தர்றது மிஞ்சிப்போனா ஐம்பது. லைன் கரண்ட் இருந்தாச் சரி. போச்சுன்னா பாதிப் பேர் குளிப்பாங்க, மீதிப் பேர் டீலர்ஷிப்ப திருப்பிக் குடுத்துடுவாங்க." பிப்ரவரியிலும் அங்கே விடியற்காலைக் குளிர் நம் ஊர் மார்கழியைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். வெந்நீர் இல்லாமல் முடியாது. இன்னொரு ஜென்செட் வாடகைக்கு எடுப்பீர்களா என்று சேல்ஸ்காரரிடம் கேட்டேன். "ஹோ ஜாயேகா மேடம்," அதாவது ஆகிவிடும் என்றார். மேடை? "ஹோ ஜாயேகா." தயிர்சாதம்? "ஹோ ஜாயேகா." எழுத்தில் கேட்டால் மட்டும் எதற்கும் பதில் வராது.

இது போதாதென்று தேதி. அக்டோபரில் டீலர்களுக்கு வாட்ஸ்அப்பில் அழைப்பை அனுப்பினேன். ஒரு மணி நேரத்துக்குள் உடுமலைப்பேட்டையிலிருந்து போன். எங்கள் பழைய டீலர், அப்பா வயது. "அம்மிணி, நாள நல்லாப் பாத்துத்தான் வெச்சீங்களா? அன்னிக்குத் தைப்பூசமுங்க. முப்பது வருசமா பழனிக்கு நடந்து போயிட்டிருக்கேன். இந்த வருசம் முருகன்கிட்ட என்னன்னு சொல்றது, ஒட்டகம் ஏறப் போயிட்டேன்னா?" அவரைத் தொடர்ந்து பொள்ளாச்சி, தாராபுரம், ஒட்டன்சத்திரம் என்று வரிசையாக அழைப்புகள். கொங்கு நாட்டில் இருந்துகொண்டு பிப்ரவரி பௌர்ணமியை நாள்காட்டியில் பார்க்கத் தெரிந்த எனக்கு, அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்தது தெரியவில்லை.

அதே பௌர்ணமியில் ஜெய்சல்மேரிலும் ஒரு கூத்து. வடக்கே அது மாக மாதப் பௌர்ணமி. அவர்களுடைய பாலைவனத் திருவிழாவான மரு மகோத்சவ் அந்தப் பௌர்ணமியோடுதான் முடியும். ஊரே நிரம்பும், ரேட் ஏறும். கேம்ப்காரர் அனுப்பிய கொட்டேஷனின் கடைசிப் பக்கத்தில் 'திருவிழா நாட்களுக்குக் கூடுதல் கட்டணம்' என்று ஒரு வரி ஏற்கெனவே இருந்திருக்கிறது. ஆக, எம்.டி. கேட்ட நிலாவுக்காக அதிக விலை கொடுத்து, பாதி டீலர் வராத ஒரு டீலர் மீட்டை நான் கனகச்சிதமாகத் திட்டமிட்டிருந்தேன். தேதியைப் பிப்ரவரி இரண்டாம் வாரத்துக்கு மாற்றச் சொன்னேன். தேதி மாற்றினால் அது கேன்சல் செய்த கணக்கு என்றார் கேம்ப்காரர். சரி, கேன்சலே செய்கிறேன் என்றேன். அட்வான்ஸ் கதைக்குக் கடைசியில் வருகிறேன்.

நவம்பரில் இரண்டாவது ரெக்கி. இந்த முறை ராத்திரி எட்டரைக்கு மணல்மேட்டுப் பக்கம் போய் நின்றேன். யாராவது இந்த வேலையில் இறங்கினால் தயவுசெய்து இதைச் செய்யுங்கள், பகலில் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். கேம்ப்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் ஒரு டிஜே. நான் நின்ற இடத்தில் ஒரே நேரத்தில் மூன்று பாட்டு கேட்டது. நடுவே ஒரு மாங்கணியார் (அந்தப் பக்கத்துப் பரம்பரை நாட்டுப்புறப் பாடகர் சமூகம்) பாடகர் எதையும் சட்டை செய்யாமல் தன் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது. இங்கே எங்கள் எம்.டி. விற்பனை இலக்கைப் பற்றிப் பேசினால் யார் காதில் விழும்? அப்புறம், திறந்தவெளியில் ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது நாடு முழுக்க உள்ள விதி. விருது 40 பேருக்கு. ஏழரைக்கே தொடங்கினால்தான் முடியும்.

அன்று ராத்திரியே முடிவு செய்தேன்: தங்குவதும் மீட்டிங்கும் ஊருக்குள் கல் கட்டட ஹோட்டலில், மணலுக்கு ஒரே ஒரு சாயங்காலம். எம்.டி.க்கு முகம் கொஞ்சம் சுருங்கியது. 62.5 கேவிஏ கணக்கைக் காட்டியதும் ஒப்புக்கொண்டார், அவரும் மோட்டார்க்காரர்தானே.

ஊருக்குள் ஏழு ஹோட்டல் பார்த்தேன். கோட்டைக்குள் இருப்பவை அழகு, ஆனால் பஸ் உள்ளே வராது. 96 பேரின் பெட்டிகளை யார் தூக்குவது? கோட்டைக்கு வெளியே இரண்டு தேறின. இரண்டிலும் '150 பேர் ஹால்' என்றார்கள். அந்த 150 என்பது சினிமா தியேட்டர் மாதிரி நாற்காலி மட்டும் வரிசையாகப் போட்டால். வட்ட மேசை போட்டு, மேடை, எல்இடி சுவர், உள்பாகம் தெரிய வெட்டி வைத்த எங்கள் கட்-மாடல் பம்புகளுக்கு எட்டு மேசை என்று வைத்தால் எழுபதைத் தாண்டாது. நான் டேப் கொண்டுபோயிருந்தேன். ஒன்றில் நடுவில் நான்கு தூண்கள், பின்வரிசைக்குத் திரை தெரியாது. இன்னொன்றில் தூண் இல்லை, பக்கத்திலேயே புல்வெளி இருந்தது. பம்புகளை அங்கே வைத்துக்கொள்ளலாம் என்று அதை முடித்தேன்.

அறை 7,800 ரூபாய் என்றார்கள். இங்கேதான் எனக்குக் கிடைத்த ஒரே வெற்றி. 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18. எங்கள் ஜிஎஸ்டி பதிவு தமிழ்நாட்டில். ஹோட்டல் அறைக்கும் ஹாலுக்கும் வரி அந்தக் கட்டடம் இருக்கும் மாநிலத்தில்தான் விழும். பில்லில் ராஜஸ்தான் எஸ்ஜிஎஸ்டி (அந்த மாநிலத்தின் பங்கு) இருக்கும், எங்களால் அதை இன்புட் கிரெடிட் எடுக்க, அதாவது நாங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள முடியாது. ஆகவே அந்த 18 முழுக்கச் செலவுதான். "நானூறு ரூபாய் குறைத்து 7,400 போடுங்கள், நாற்பத்தெட்டு அறை தருகிறேன்" என்றேன். மானேஜர் முனகினார், டீ வரவழைத்தார், உள்ளே போய் யாரிடமோ பேசினார், கடைசியில் கையெழுத்துப் போட்டார். வரியோடு 9,204 ஆக வேண்டியது 7,770 ஆனது. இரண்டு இரவுக்குக் கணக்குப் போட்டால் 1,37,000 ரூபாய்க்கு மேல் மிச்சம். மேடை, ஒலி, மணல்மேட்டுச் சாயங்காலம் மூன்றையும் ஒரு ஈவன்ட் கம்பெனி மூலம் எடுத்தோம். நிகழ்ச்சி நடத்தித் தரும் சேவைக்கு வரி, வாங்குகிற கம்பெனி பதிவு செய்துள்ள மாநிலத்தைப் பார்த்துப் போகும். எது கிரெடிட் ஆகும், எது ஆகாது என்பதை மட்டும் முன்கூட்டியே உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள். எங்கள் அக்கவுன்ட்ஸ்காரர் இன்னும் சாப்பாட்டு பில்லை வைத்துக்கொண்டு முறைக்கிறார்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லிச் சண்டை போட்டேன். 2025 மே மாதம் எல்லையில் பதற்றமானபோது ஜெய்சல்மேர், ஜோத்பூர் உட்பட 32 விமான நிலையங்களைச் சில நாள் மூடினார்கள். அப்படி அரசு மூடினால் முழுப் பணமும் திரும்ப வர வேண்டும் என்று எழுதி வாங்கினேன். மானேஜர் சிரித்தார். எல்லை பக்கத்தில்தானே சார் இருக்கிறது என்றேன். ஹோட்டலின் பார் லைசென்ஸ் ஹோட்டல் வளாகத்துக்கு மட்டும்தான் என்பதையும் அப்போதே தெளிவுபடுத்திக்கொண்டேன். மணல்மேட்டில் மோர்தான் என்று டீலர்களிடம் முன்பே சொல்லிவிட்டதால் அங்கே பிரச்சினை வரவில்லை.

மீட் நன்றாக நடந்தது. அமாவாசை நெருங்கிக்கொண்டிருந்ததால் நிலா இல்லை. "நிலா எங்கம்மா?" என்று எம்.டி. இரண்டு முறை கேட்டார். பத்து மணிக்கு ஒலியோடு விளக்கையும் அணைக்கச் சொன்னேன். அத்தனை நட்சத்திரத்தைப் பார்த்ததும் பிறகு கேட்கவில்லை. உடுமலை அண்ணன் பழனிக்கும் போய்விட்டு, இங்கேயும் வந்து ஒட்டகமும் ஏறினார். சாப்பாட்டில் கேர் சாங்கிரியைத் தொட்டுப் பார்த்து இது என்ன காய் என்று கேட்டார். சாங்கிரி என்பது நம் வன்னி மரத்துக் காய்தான் என்றதும், "கோயில்ல சுத்தி வர்ற மரத்தையா பொரியல் பண்றாங்க?" என்று இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார்.

அந்த அட்வான்ஸ். இரண்டு லட்சத்தில் ஒன்றேகால் லட்சம் டிசம்பரில் வந்தது. மீதி எழுபத்தைந்தாயிரத்தை அடுத்த புக்கிங்கில் கழித்துக்கொள்ளலாம் என்கிறார்கள். நேற்றும் கூப்பிட்டேன், "ஹோ ஜாயேகா மேடம்" என்றார். மார்ச் முடிந்தால் கூடாரத்தைச் சுருட்டிவிடுவார்கள், அதற்கப்புறம் போய் நின்றால் அந்த அறுபது பாத்ரூம்களிடம்தான் கேட்க வேண்டும்.