மூன்று நிறக் கூந்தல்

பதினாறு ஆண்டுகளாக மூன்று வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தலைக்குக் கருப்பு டை அடித்து வந்த நான், இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரை மாதத்தில் அதை நிறுத்தினேன். துணிச்சலெல்லாம் காரணமில்லை. ஒருநாள் காலையில் நெற்றியும் கண் இமைகளும் வீங்கிப்போய், கண்ணாடியில் என்னை எனக்கே அடையாளம் தெரியவில்லை. "காதுக்குப் பின்னால கொஞ்சம் தடவி 48 மணி நேரம் பார்த்தீங்களாம்மா?" என்று தோல் மருத்துவர் கேட்டார். டை பெட்டிக்குள் இருக்கும் தாளை நான் ஒருமுறைகூடப் பிரித்துப் படித்ததில்லை. கருப்புச் சாயத்தில் உள்ள பி.பி.டி. என்னும் பாராஃபெனிலின்டையமின் ஒருமுறை உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போனால் அந்த ஒவ்வாமை பெரும்பாலும் ஆயுளுக்கும் நீடிக்கும் என்றும், உடனே கறுக்கும் 'கருப்பு மருதாணி'யிலும் அதே பொருள் கலந்திருக்கக்கூடும் என்றும் சொல்லி அனுப்பினார்.

நிறுத்துவது எளிது, ஏற்கெனவே ஏறிய கருப்பை இறக்குவதுதான் ஆகாத காரியம். மேலே பிரௌன் கலர் போட்டால் மெல்ல மாறிவிடும் என்று தெருமுனைப் பார்லரில் சொன்னார்கள். சாயத்தின்மேல் சாயம் போட்டு நிறத்தைக் குறைக்க முடியாது என்பதோடு, பிரௌன் டையிலும் அதே பி.பி.டி. இருக்கலாம் என்பதால் மறுத்துவிட்டேன். பிறகு பிடரியில் ஒரு கற்றைக்கு மட்டும் பிளீச் செய்து பார்த்தார்கள். அது செங்கல் நிறத்துக்கு வந்து, கயிற்றுத் திரிபோல முரடாகி நின்றுவிட்டது. ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் தொழிலில் இருந்த என் அப்பா அதைத் தொட்டுப் பார்த்து, "உள்ள எறங்கின சாயம் கழுவினா போவாதும்மா, வளந்துதான் போவணும்" என்றார். அவர் சொன்னது சரிதான். டையில் உள்ள அம்மோனியா முடியின் மேற்செதில்களைத் திறந்துவிட, சிறு மூலக்கூறுகளாக உள்ளே நுழையும் சாயப்பொருள் ஹைட்ரஜன் பெராக்சைடால் ஒன்றோடொன்று பிணைந்து பெரிதாகி, வந்த வழியே திரும்ப முடியாமல் அங்கேயே தங்கிவிடுகிறது.

முடி மாதத்துக்குச் சராசரியாக ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக வளரும். இடுப்பு வரை இருந்ததை அப்படியே வைத்துக்கொண்டு காத்திருந்தால் நான்கைந்து ஆண்டுகள் ஆகும் என்று கணக்குப் போட்டு, தோள்பட்டைக்கு மேலே வெட்டிக்கொண்டேன். என் மகள் மாதம் ஒருமுறை பள்ளிக்கூட ஸ்கேலை வகிட்டில் வைத்து அளப்பாள். ஆறாம் மாதத்தில்தான் கோலம் மிக மோசம்: வேரில் வெள்ளை, நடுவில் கருப்பு, வேலூர் வெயிலில் சாயம் வெளுத்த நுனியில் செம்பட்டை. உறவில் ஒரு கல்யாணத்துக்கு ஆம்பூர் போனபோது, என் நாத்தனார் யாருக்கும் கேட்காத குரலில், "அண்ணி, இன்னிக்கு ஒருநாள் மட்டுமாவது அடிச்சிட்டு வந்திருக்கலாமே" என்றாள். வகிட்டை மறைக்க வழக்கத்தைவிடப் பெரிதாக மல்லிகைச் சரம் வைத்திருந்தேன். பூ இருப்பது பின்னால், கோடு தெரிவது முன்னால் என்பது அவள் சொன்ன பிறகுதான் உறைத்தது.

நான் எதிர்பாராதது வேறொன்று. முன்நெற்றியும் கன்னப்பொறியும் பஞ்சாக நரைத்திருக்க, பிடரியில் வளர்ந்து வந்தது நல்ல கருப்பு. அத்தனை ஆண்டுகளும் நரைக்காத முடிக்கும் சேர்த்து வேலை மெனக்கெட்டுச் சாயம் பூசியிருக்கிறேன்! நரைத்த முடி உப்புத் தண்ணீரில் மஞ்சள் பாய்கிறது. ஊதா நிற ஷாம்பூவை மாதம் இரண்டுமுறை போட்டால் அது கொஞ்சம் அடங்குகிறது.

போன மாதம் கடைசி வெட்டுக்குப் போயிருந்தேன். முன்பக்கம் சிக்கலில்லை, கோடு தெளிவாக இருந்தது. பிடரிக்கு வந்ததும் முடி வெட்டும் பெண்ணின் கத்தரி நின்றது. "அக்கா, இதுல எது டை, எது உங்க சொந்தக் கருப்புன்னே தெரியலையே" என்றவள், என் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பி, ஒவ்வொரு கற்றையாக வெயிலில் தூக்கிப் பிடித்து, சிவப்பாக மினுங்கிய வரை மட்டும் வெட்டினாள்.