முட்டிக்கு ஜெல் ஊசி: கூடப் போகும் மருந்துகளைக் கவனியுங்கள்

முட்டித் தேய்மானத்துக்கு ஜெல் ஊசி போட வருகிறவர்கள் எக்ஸ்ரே கவரை மறப்பதில்லை. தினமும் விழுங்கும் மாத்திரைகளைத்தான் வீட்டில் விட்டுவிட்டு வருகிறார்கள். ஊசி அறையில் நிற்கும் எங்களுக்கு வேண்டியது அந்த மாத்திரை டப்பா. மருந்துச் சீட்டு மட்டும் போதாது, மாத்திரை அட்டைகளையே பையில் போட்டுக்கொண்டு வாருங்கள்.

ஜெல் என்பது மூட்டுக்கு வழவழப்புத் தரும் ஹையலூரானிக் அமிலம். வலி குறைய நாலைந்து வாரம் பிடிக்கும். மருந்துக்குக் கேட்கிற முட்டிக்கு ஆறு மாதம் வரை தாங்கும். ஸ்டீராய்டு ஊசி நேர்மாறு. டிரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு 40 மி.கி. போட்டால் சில நாட்களிலேயே வலி இறங்கும், சில வாரங்களில் திரும்பும். முதல் மாதத்தை ஸ்டீராய்டு தாங்கட்டும், பிறகு ஜெல் பார்த்துக்கொள்ளட்டும் என்பதுதான் இரண்டையும் சேர்ப்பதன் கணக்கு. இரண்டையும் ஒரே சிரிஞ்சில் அடைத்த தயாரிப்பும் வெளிநாடுகளில் உண்டு: சிங்கால், 4 மி.லி.யில் 88 மி.கி. ஹையலூரானிக், 18 மி.கி. டிரையாம்சினலோன் ஹெக்ஸாசெடோனைடு. அதைப் பார்த்து ஊசி அறையில் இரண்டு மருந்தையும் ஒரே சிரிஞ்சில் கலக்கக் கூடாது. ஊசி முனை மூட்டுக்குள் இருக்கும்போதே சிரிஞ்சை மட்டும் மாற்றிப் போடலாம்.

மருந்தை வெளியே வாங்கி வரச் சொன்னால் நேராக எடுத்து வாருங்கள். மே மாதத்துச் சென்னையில் ஸ்கூட்டர் டிக்கிக்குள் ஒரு மணி நேரம் கிடந்த சிரிஞ்சை நாங்கள் நம்ப மாட்டோம். பெரும்பாலான பிராண்டுகளின் உச்ச வரம்பு 25 அல்லது 30 டிகிரிதான். ஃப்ரீசரில் வைத்தாலும் கெட்டது. ஜெல்லில் ஹைலான் என்ற வகை என்றால் சேவல் கொண்டையிலிருந்து எடுத்தது. முட்டை, கோழி அலர்ஜி இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். அதில் 2 மி.லி.யாக வாரம் ஒன்று, மூன்று வாரம் என்றும் உண்டு, 6 மி.லி. ஒரே தடவை என்றும் உண்டு.

முட்டியில் நீர் கோத்திருந்தால் முதலில் அதை உறிஞ்ச வேண்டும், இல்லையென்றால் ஜெல் அதில் கரைந்து நீர்த்துப்போகும். வருகிற நீர் வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருந்தால் மேலே போகலாம். கலங்கலாக வந்தால் ஊசி அன்றைக்கு இல்லை, நீர் லேபுக்குப் போகும். தோலைத் துடைக்கும் மருந்திலும் ஒரு கண்ணி உண்டு: பென்சால்கோனியம் வகைக் கிருமிநாசினி பட்டால் ஹையலூரானிக் திரிந்துவிடும்.

சர்க்கரை உள்ளவர்கள் கவனத்துக்கு: ஸ்டீராய்டு சேர்ந்தால் சில நாட்கள் சர்க்கரை ஏறும். ஒரு வாரம் வீட்டு மெஷினில் காலை, மாலை பாருங்கள். இன்சுலின் அளவை நீங்களாக மாற்றாமல் டாக்டரைக் கேளுங்கள். ஜெல் மட்டும் என்றால் இந்தப் பிரச்சினை இல்லை. ஸ்டீராய்டைப் பழக்கமாக்கவும் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒன்று என இரண்டு வருடம் போட்டுப் பார்த்து 2017-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், வெறும் உப்பு நீர் போட்டவர்களைவிடக் குருத்தெலும்பு அதிகம் தேய்ந்தது, வலியிலோ வித்தியாசமில்லை. மூட்டு மாற்று ஆபரேஷன் மூன்று மாதத்துக்குள் இருந்தால் முட்டிக்குள் எந்த ஊசியும் வேண்டாம், தொற்று பயம்.

இனி மாத்திரை டப்பா. ஜெல் வேலை காட்டும்வரை வலி மாத்திரையை இழுத்துக்கொண்டே போவதில்தான் உண்மையான ஆபத்து. பிரஷருக்கு டெல்மிசார்ட்டனும் நீர் பிரிய வைக்கும் மருந்தும் சேர்ந்த மாத்திரை (பெயருக்குப் பின்னால் ‘எச்’ இருக்கும்) சாப்பிடுகிறவர், மேலே டைக்ளோஃபெனாக், எட்டோரிகாக்ஸிப் போன்ற வலி மாத்திரை போட்டால் சிறுநீரகத்துக்கு மும்முனை அடி. வயிறு காக்கும் பேன்டோப்ரசோல் இதைத் தடுக்காது. அவர்களுக்கு முட்டியில் தடவும் 1 சதவீத டைக்ளோஃபெனாக் ஜெல்லே நல்லது: ஒரு வேளைக்கு 4 கிராம், நாளுக்கு நான்கு முறை வரை. விரல் நுனியில் தொட்டு வைப்பது போதாது.

ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெலை ஊசிக்காக நீங்களே நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட் வைத்தவருக்கு அது முட்டி வலியைவிடப் பெரிய வினை. அதே வேலைக்கான வார்ஃபரின் என்றால், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். டெஸ்டின் சமீபத்திய ரிப்போர்ட் வேண்டும். கூடவே மூட்டுக்கென்று விற்கும் குளுக்கோசமைன் சாப்பிட்டால் ஐ.என்.ஆர். ஏறலாம், அதையும் சொல்லுங்கள்.

ஜெல்லைப் பற்றி ஒளிக்காமல் சொல்வதென்றால், எல்லோருக்கும் கேட்பதில்லை. சிகிச்சை வழிமுறைகளை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022-ல் வேண்டாம் என்றே எழுதியது. எலும்போடு எலும்பு உரசும் நிலைக்குப் போன முட்டிக்குக் காசைச் செலவழிக்கும் முன் இன்னொரு டாக்டரையும் கேளுங்கள்.

ஊசிக்குப் பின் 48 மணி நேரம் மாடிப்படி, நீண்ட நடை, தரையில் சம்மணம் வேண்டாம். அன்றோ மறுநாளோ முட்டி வீங்கினால் ஐஸ் ஒத்தடம், பாராசிட்டமால். இரண்டு மூன்று நாளில் அடங்கும். காய்ச்சல், குளிர் நடுக்கம், முட்டி நெருப்பாய்ச் சுடுவது, காலை ஊன்றவே முடியாதது: இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே வந்து நீரை எடுத்துப் பார்க்க வேண்டும். அதற்குமுன் மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டால் எந்தக் கிருமி என்பதே கல்ச்சரில் (லேபில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட்) தெரியாமல் போகும்.