அந்த ‘அல்லது’கள்

பதிப்பகத்தில் எனக்குப் பிரதியைச் செம்மை செய்யும் வேலை. ஒரே சொல் அடுத்தடுத்து வந்தால் ஒன்றைத் தூக்குவேன். பாதியில் நிற்கும் வாக்கியத்தை முடித்து வைப்பேன். எழுதியவர் இரண்டு மனதாக இருக்கிற இடத்தை ஒரு மனதாக்கிவிடுவேன். பதினோரு வருடத்தில் இது கைப்பழக்கமாகிவிட்டது. கண் படித்து முடிப்பதற்குள் கை வெட்டிவிடும்.

அந்தக் கையோடுதான் ரஷ்ய நாவலாசிரியர் தஸ்தயேவ்ஸ்கியின் குறிப்பேட்டில் இறங்கினேன்.

‘அசடன்’ நாவலுக்காக அவர் எழுதி வைத்திருந்த குறிப்புகளிலிருந்து இருபது பக்கம் போல, ஒரு தொகுப்புக்காக ஆங்கிலம் வழியே தமிழில் வந்திருந்தது. மொழிபெயர்த்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். எங்களுக்கு எல்லாம் அவர் ‘சார்’தான். பிரதியைத் திறந்தால் தலை சுற்றியது. பத்து வரிக்குள் நாலு ‘அல்லது’. ஓரிடத்தில் ஒருத்தியை மணக்கிறவன், கொஞ்சம் தள்ளி வேறொருத்தியை மணக்கிறான். பெயர்ச்சொல்லோடு நின்றுபோன வரிகள், எதைக் கேட்கிறது என்றே தெரியாத கேள்விக்குறிகள், அடிக்கு ஒரு ‘கவனிக்க’. சார் அவசரத்தில் அனுப்பிவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டு, இரண்டு நாள் உட்கார்ந்து சரிசெய்தேன். ‘அல்லது’ வந்த இடத்திலெல்லாம் பொருத்தமானதாகத் தோன்றியதை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிட்டேன். இருபது பக்கம் பதிமூன்றானது. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மூன்றாம் நாள் சார் போன் செய்தார். “நல்லா இருக்குப்பா, தடையில்லாம போகுது. ஆனா இதை எழுதினது யாரு?”

“தஸ்தயேவ்ஸ்கி, சார்.”

“இவ்வளவு தெளிவு அந்த மனுஷனுக்கு இருந்திருந்தா, குறிப்பேடே வேண்டியிருந்திருக்காதே?”

திட்டவில்லை. வைத்துவிட்டார். வெட்டுவதற்கு முன்னால் படித்திருக்க வேண்டியதை அதற்கப்புறம்தான் படித்தேன்.

1867 கடைசி. கடன்காரர்களுக்குப் பயந்து ரஷ்யாவை விட்டு வந்து, கர்ப்பிணி மனைவி அன்னாவோடு ஜெனீவாவில் இருக்கிறார். நாவல் தருவதாகச் சொல்லி ‘ரஷ்யத் தூதன்’ பத்திரிகையிடம் முன்பணம் வாங்கியாயிற்று. இலையுதிர் காலம் முழுக்கக் குறிப்பேட்டில் திட்டம் மேல் திட்டமாகப் போடுகிறார். அந்தத் திட்டங்களில் வரும் அசடன், அச்சான நாவலில் நாயகனாக வரும் சாதுவான இளவரசன் மிஷ்கின் இல்லை. அகங்காரமும் வெறியும் பழிவாங்கும் குணமும் உள்ள ஒருவன். டிசம்பர் தொடக்கத்தில் எழுதியதையெல்லாம் தூக்கி எறிகிறார். டிசம்பர் 4 முதல் 18 வரை ஒரு நாளைக்குக் குறைந்தது ஆறு திட்டமாவது போட்டிருப்பேன் என்று பின்னால் நண்பர் மைக்கோவுக்கு எழுதுகிறார். 18ஆம் தேதி நாவலை எழுத உட்கார்ந்து, ஜனவரி 5ஆம் தேதி ஐந்து அத்தியாயங்களை அனுப்பிவிட்டார்.

என்னை உலுக்கியது இதற்கு அடுத்தது. ‘இளவரசர் கிறிஸ்து’ என்று குறிப்பேட்டில் ஒரு தொடர் வருகிறது. மிஷ்கினைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் அதைத்தான் மேற்கோள் காட்டுவார்கள். அவர் அதை எழுதியது 1868 ஏப்ரலில். முதல் பகுதி அதற்குள் அச்சாகி வாசகர் கைக்கே போய்விட்டது! தன் நாயகன் யார் என்பதை, அவனைத் தெருவில் இறக்கிவிட்ட பிறகும் அவர் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நானோ அவன் யார் என்பதை இரண்டே நாளில் முடிவு செய்து, மிச்சத்தை அழித்திருந்தேன்.

குறிப்பேட்டுப் பக்கங்களின் படங்களை அப்புறம்தான் தேடிப் பார்த்தேன். பக்கத்தின் நடுவில் தாடி வைத்த ஒரு முகம். அதைச் சுற்றி எழுத்து, ஓரத்தில் வேறு திசையில் எழுத்து, தலைகீழாகவும் கொஞ்சம். கூர்முனை வைத்த கோத்திக் ஜன்னல்களைத் திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறார். சில சொற்களை மட்டும் அச்சு வைத்தாற்போல அழகான சாய்வெழுத்தில், ஏதோ போட்டிக்கு எழுதுவது போல. (மிஷ்கினுக்கும் எழுத்து அழகு என்பது நாவல் படித்தவர்களுக்கு நினைவிருக்கும்.) நாவல் குறிப்புகளுக்கு இடையிலேயே கடன் கணக்கு, வலிப்பு வந்த நாட்கள். நோட்டை முதல் பக்கத்திலிருந்து வரிசையாக நிரப்புகிற ஆள் இல்லை அவர். எந்தப் பக்கம் திறந்ததோ அதில் எழுதுவார்.

இதையெல்லாம் புனிதப் பொருள் போலப் பேசுவதும் எனக்கு ஒப்பவில்லை. குறிப்பேடுதான் நாவலுக்குச் சாவி என்கிறார்கள். பாதிக்கு மேல் சலிப்புதான். யார் யாருக்கு உறவு என்று மாற்றி மாற்றிப் போடும் பட்டியலை நாலு பக்கம் படித்தால் கொட்டாவி வந்துவிடும். ஆனால் திடீரென்று ஒரு வரி வரும். ‘குற்றமும் தண்டனையும்’ முதலில் கொலைகாரனே சொல்லும் வாக்குமூலமாகத்தான் எழுதப்பட்டது. 1865 நவம்பரில் அதை எரித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினார். கதையைச் சொல்வது அவனல்ல, கண்ணுக்குத் தெரியாத, எல்லாம் அறிந்த ஒருவர், அவர் அவனை ஒரு நிமிடம்கூட விட்டு விலகக்கூடாது என்று அந்த நாவலின் குறிப்பேட்டில் இருக்கிறது. எனக்கு அந்த ஒரு வரி போதும்.

இந்தக் குறிப்பேடுகள் மிஞ்சியதே அன்னாவால்தான். 1871இல் ஜெர்மனியின் ட்ரெஸ்டனிலிருந்து ரஷ்யா திரும்பும் சமயம், எல்லையில் சோதனை நடக்கும், காகிதங்களைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று பயந்து, கையெழுத்துப் பிரதிக் கட்டுகளை எரிக்கச் சொன்னார் தஸ்தயேவ்ஸ்கி. 1849இல் கைதானபோது காகிதங்களைப் பறிகொடுத்தவருக்கு அந்தப் பயம் இருக்காதா? ‘அசடன்’ பிரதி நெருப்பில் போயிற்று. குறிப்பேடுகளை மட்டும் அன்னா பிடிவாதமாகக் காப்பாற்றித் தன் அம்மாவிடம் கொடுத்தார். அந்த அம்மா பின்னால் வருவதாக இருந்தது. செம்மையான பிரதி சாம்பல், கிறுக்கல் பத்திரம். என் தொழிலில் இருப்பவர்கள் இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

சரி, பழைய கோப்பைத் திறந்தேன். நான் செய்த மாற்றங்கள் பக்கம் முழுக்கச் சிவப்பாகக் கிடந்தன. எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் நிராகரித்திருக்கலாம். ஆனால் சாரின் எழுத்துப்பிழைகளும் திரும்பி வந்துவிடும். அதனால் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சந்திப்பிழைத் திருத்தம் இருக்கட்டும், ‘அல்லது’ திரும்பி வரட்டும். வெட்ட இரண்டு நாள் ஆனது. திருப்பி வைக்க ஐந்து நாள்.

மெய்ப்பு வந்தபோது பக்கம் வடிவமைக்கும் தம்பி தாளோடு வந்து நின்றான். ஒரு வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தான்.

“அண்ணா, இது பாதியிலேயே நிக்குது. ஏதாவது விட்டுப்போச்சா?”

சாரின் பிரதியை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன்.

“இல்லப்பா, அவர் அங்கதான் நிறுத்தியிருக்கார். அப்படியே விடு.”