அத்தை கட்சி மாறிய கதை

"அத்தை வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்கிறேன்" என்று போன குளிர்காலம் முழுக்க நான் சவால் விட்டுக்கொண்டிருந்தது உங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். வாரம் தவறாமல் கோயமுத்தூருக்கு ஃபோன் போட்டுப் புகார்ப் பட்டியல் வாசித்தேன். கராஜ் முழுவதையும் ரங்கமணியின் (என் வீட்டுக்காரர்தான்) எம்ஜிபி என்கிற பழைய ஸ்போர்ட்ஸ் கார் அடைத்துக்கொண்டிருக்க, என் யாரிஸ் வெளியே பனி பூசிக்கொண்டு நிற்கிறது. வாஷிங் மெஷினுக்குப் போகிற வழியில் இரண்டு கார்க் கதவுகள் சாய்ந்திருக்கின்றன. ஃப்ரீசரில் தேங்காய்த் துருவலுக்குப் பக்கத்தில் பேரிங் (குளிர்ந்தால் சுருங்குமாம், சுருங்கினால் சுலபமாக உள்ளே இறங்குமாம்). பெயின்ட் அடித்த ராக்கர் கவரை (இஞ்சினின் மேல்மூடி) சமையலறை ஓவனில் வைத்துச் சூடாக்கியதில் பெயின்ட் காய்ந்ததோ என்னவோ, அதற்கப்புறம் செய்த கேக் எல்லாமே டர்பன்டைன் ருசி.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "நா வந்து பேசிக்கறன் அம்மிணி" என்றார் அத்தை.

வந்தார். பேசினார். பேசி எங்கே போய் நின்றிருக்கிறது என்பதுதான் இந்தப் பதிவு.

முதல் நாளே சகுனம் சரியில்லை. ரங்கமணி திரையை விலக்குகிற மாதிரி காரின் உறையை உருவினார். "என்ன வண்டி சாமி இது?" "எம்ஜிபிம்மா." "எம்.ஜி.ஆர் வண்டிங்களா?" என்று என்னைத் திரும்பிப் பார்த்தார் அத்தை. அவர் முதல் நாள் முதல் காட்சிப் பரம்பரை. அந்த இரண்டெழுத்திலேயே எங்கள் கூட்டணி பாதி உடைந்துவிட்டது.

வாங்கும்போது வண்டி பளபளவென்றுதான் இருந்தது. 1966 மாடல், இரண்டே சீட், கூரை இருக்க வேண்டிய இடத்தில் துணி. எதிர்வீட்டுத் தாத்தா வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். அவர் நாங்கள் இருக்கிற, ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்து ஊரான இதே ஆபிங்டனில் எம்ஜி தொழிற்சாலை 1980 அக்டோபரில் கதவைச் சாத்தும் வரைக்கும் வேலை பார்த்தவர். குனிந்து, கதவுக்குக் கீழே ஓடுகிற சில்லில் ஸ்க்ரூடிரைவரால் செல்லமாக ஒரு குத்து. கைப்பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. "ஆ" என்றார். இந்த ஊர்க்காரர்கள் மெதுவாக "ஆ" என்றால் குறைந்தது ஆயிரம் பவுண்ட் என்று எடுத்துக்கொள்ளலாம்.

சில் என்றால் ஏறி இறங்கக் கால் வைக்கிற விளிம்பு, அவ்வளவுதானே என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் இந்த வண்டிக்குத் தனி சேஸிஸ் கிடையாது, இறுக்கிப் பிடிக்கக் கூரையும் கிடையாது. முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்து வைத்திருப்பதே அந்த இரண்டு தகரப் பெட்டிகள்தான். முட்டுக் கொடுக்காமல் அதை வெட்டியெடுத்தால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும். அப்புறம் ஜென்மத்துக்கும் கதவு சாத்தாது. அதனால் கதவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் குறுக்கே குழாய் வைத்து வெல்ட் அடித்து, வெளித் தகடு, உள் தகடு, இரண்டுக்கும் நடுவே இன்னொரு தகடு என்று வெட்டி ஒட்டி வெட்டி ஒட்டி... மார்கழியில் ஆரம்பித்தது பங்குனி உத்திரத்துக்குத்தான் முடிந்தது. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் விட்னியில், பழைய அச்சுகளை வைத்தே எம்ஜிபிக்கு முழு உடம்பையே புதிதாக அடித்து விற்கிறார்கள். மீதி உதிரி பாகங்களும் கிட்டத்தட்ட எல்லாம் கிடைக்கின்றன. எல்லாமே புதிதாகக் கிடைக்கும்போது இந்தத் துருப்பிடித்ததை ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று கேட்டால், "ஒரிஜினாலிட்டி" என்கிறார். அந்த வண்டியில் இப்போது ஒரிஜினலாக மிச்சமிருப்பது நம்பர் பிளேட்டும் நாற்றமும்தான்.

இன்னொரு அநியாயம் கேளுங்கள். இங்கிலாந்தில் மனுஷருக்கு 40 வயது ஆனால் வா, வந்து கொழுப்பைப் பார், பிரஷரைப் பார் என்று டாக்டரிடமிருந்து கடிதம் வருகிறது. காருக்கு 40 ஆனால் வருஷாந்திர எம்ஓடி தகுதிச் சோதனையே தேவையில்லை, 2018லிருந்து. ரோடு டாக்ஸும் இல்லை. லண்டன் ஊருக்குள் புகைவிட்டுக்கொண்டு போனால் அதற்குக் கட்டணமும் இல்லை. என் யாரிஸுக்கு எல்லாம் உண்டு.

சரி, இந்தப் பக்கத்திலேயே எம்ஜிபிக்குள் மின் மோட்டார் வைத்துத் தருகிற கம்பெனிகள் இருக்கின்றனவே, மாற்றிவிடலாமே என்று ஒருநாள் சாதாரணமாகக் கேட்டுவைத்தேன். ரங்கமணியும் தாத்தாவும் பார்த்த பார்வை இருக்கிறதே, பெருமாள் கோயில் புளியோதரையில் பூண்டு தட்டிப் போடலாமா என்று கேட்டவளைப் பார்க்கிற பார்வை. இத்தனைக்கும் இவர்களே ஊருக்கு முந்தி மாற்றியிருக்கிறார்கள். ஈயம் கலந்த பெட்ரோல் 1999 கடைசியோடு போய்விட்டது என்று வால்வு சீட்டைக் கெட்டியானதாக மாற்றினார்கள். 2021ல் பெட்ரோலில் எத்தனாலைக் கூட்டியதும் ரப்பர் குழாயெல்லாம் புதிது. அதெல்லாம் மாற்றமில்லையாம், வைத்தியமாம். ஆனால் பாசிட்டிவ் எர்த் மட்டும் அப்படியே இருக்க வேண்டும். இப்போது வருகிற வண்டிகளில் பாடியோடு பாட்டரியின் நெகட்டிவ் சேர்ந்திருக்கும், இந்த வயசு எம்ஜிபியில் பாசிட்டிவ். பாட்டரியும் ஒன்றில்லை, சீட்டுக்குப் பின்னால் ஆறு வோல்ட்டில் இரண்டு.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மெய்டன்ஹெட்டில் நம்ம சுதாவின் பெண்ணுக்கு வளைகாப்பு. மூத்த சுமங்கலிகள் வருகிறார்களோ இல்லையோ, அத்தை வந்து கன்னத்தில் சந்தனம் பூசியே ஆக வேண்டும் என்று சுதா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஏழெட்டு வருஷமாகத் தானே எல்லா விசேஷத்திலும் பின்வரிசைக்கு ஒதுங்கிக்கொள்ளும் அத்தைக்கு அதில் உள்ளூரச் சந்தோஷம். வெயில் வேறு அடித்தது. "அம்மா எம்ஜிபில வரட்டும்" என்றார் ரங்கமணி. நானும் சின்னவளும் சீர்த் தட்டும் ஐந்து வகைச் சாதமும் யாரிஸில் பின்னாலேயே. மோட்டர்வேயில் லாரிகளுக்கு நடுவே சின்ன வண்டி பயப்படுமாம், அதனால் வாலிங்ஃபோர்ட் வழியாக மலைப்பாதை.

வாலிங்ஃபோர்ட் தாண்டி மேட்டில் ஏறும்போது முன்னால் போன வண்டி இரண்டு முறை விக்கியது. மூன்றாவதில் புல்தரையோரம் ஒதுங்கிப் படுத்துவிட்டது. எங்கே என்கிறீர்கள்? நஃபீல்ட் கிராமத்து வாசலில். ஆக்ஸ்ஃபோர்டில் சைக்கிள் ரிப்பேரில் ஆரம்பித்து மோரிஸ் கார் கம்பெனி கட்டிய வில்லியம் மோரிஸ், 'லார்ட் நஃபீல்ட்' ஆனவர், 1963ல் சாகும் வரைக்கும் குடியிருந்த இடம். எம்ஜி என்பதே அவருடைய 'மோரிஸ் கராஜஸ்' என்பதன் சுருக்கம்தான். அவர் அஸ்தியும் அந்த ஊர்ச் சர்ச்சில்தான் இருக்கிறது. முதலாளி வீட்டு வாசலில் வந்து தர்ணா.

உடனே கூட்டம் சேர்ந்தது. பழைய கார் நின்றால் இந்த ஊரில் யாரும் சும்மா போகமாட்டார்கள். உதவ நிறுத்துவதில்லை, "எங்கப்பா ஒன்று வைத்திருந்தார்" என்று சொல்ல நிறுத்துவார்கள். பட்டு வேட்டியில் நிற்கிற மனுஷரிடம் ஒருத்தர் அவர் அப்பா வண்டியின் நிறம் சொன்னார். இன்னொருத்தர் அதை விற்ற விலையைச் சொல்லிக் கண்கலங்கினார். மூன்றாவது ஆள் மட்டும் பாட்டரிக்கு உயிர் கொடுக்கிற பூஸ்டர் பாக்கை எடுத்துக்கொண்டு வந்து, கறுப்புக் கிளிப்பை உலோகத்தில் மாட்டப் போக, ரங்கமணி "பாசிட்டிவ் எர்த்! பாசிட்டிவ் எர்த்!" என்று கத்திக்கொண்டே வேட்டி தடுக்கப் பாய்ந்தார். மந்திரம் சொல்கிறார் என்று நினைத்து அந்த மனுஷர் இரண்டடி பின்வாங்கிவிட்டார்.

நான் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல நேரம் முடிய அரை மணிதான். இதோ, அத்தை வாயைத் திறக்கப் போகிறார், இத்தனை மாதம் நான் ஓதியதற்கெல்லாம் பலன் இதோ.

திறந்தார். "சாமி, சாவியத் திருப்புனா பின்னால டிக்கு டிக்குனு ஒரு சத்தம் வருமே, அதக் காணமே."

ரங்கமணி உறைந்து நின்றார்.

"பம்புதான? பாயிண்டு ஒட்டியிருக்கும். ஒரு தட்டு தட்டு."

பீளமேட்டில் மாமாவின் மோட்டார் பட்டறைக் கல்லாவில் முப்பது வருஷம் உட்கார்ந்தவரிடம் பெட்ரோல் பம்பைப் பற்றியா பேசுவது? டிக்கியிலிருந்து சக்கரத்து நட்டை அடிக்கிற செம்புத் தலைச் சுத்தியலை எடுத்து அவரே நீட்டினார். ரங்கமணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் மல்லாந்து புகுந்தார். வெளியே தெரிந்தது இரண்டு கால்களும் ஒரு சாண் சரிகையும்தான். "பலமா அடிக்காத. உடைக்கச் சொல்லல, தட்டத்தான் சொன்னன். ம், இன்னொண்ணு." நாலு சைக்கிள்காரர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். சின்னவள் வீடியோ எடுத்தாள்.

டிக். டிக் டிக் டிக்.

சாவியைத் திருப்பியதும் இஞ்சின் உறுமியது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அத்தை மட்டும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே நின்றார். "இது நம்ம அம்பாசிடராட்டவே இருக்குது" என்றார். ரங்கமணிக்கு வேறென்ன வேண்டும்? அம்பாசிடர் என்பதே ஆக்ஸ்ஃபோர்டில் கௌலியில் செய்த மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட்தான், அதன் 1489 சிசி இஞ்சினும் இந்த 1798 சிசியும் ஒரே குடும்பம், பங்காளிகள் என்று பேசிக்கொண்டே வண்டியைக் கிளப்பினார். நாங்கள் போய்ச் சேரும்போது நல்ல நேரம் முடிந்து எமகண்டம் ஆரம்பித்திருந்தது. சுதா அதற்கும் ஒரு பரிகாரம் வைத்திருந்தாள், அது வேறு கதை.

பந்தியில் அத்தை என் பக்கத்தில் உட்கார்ந்தார். தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "மாமா அந்த அம்பாசிடர ஞாயித்துக்கெழமயானா பிரிச்சுப் போட்டுருவாரு. வாசலெல்லாம் கிரீசு. நாந்தான் அம்மிணி, வித்துப் போடுங்க வித்துப் போடுங்கன்னு தெனமும் நச்சி எடுத்தன். ஒரு நா வித்துட்டாரு. அப்பறம் ஞாயித்துக்கெழமைன்னா சும்மா திண்ணைல உக்காந்திருப்பாரு. எனக்கு அதுதான் பாக்கச் சகிக்கல." கொஞ்ச நேரம் கழித்து, "ஊறுகா இருந்தா வையி" என்றார். வைத்தேன். அதற்கு மேல் என்னிடமும் பேச்சில்லை.

ஆனால் அதற்காக இப்படியா? நஃபீல்ட் பிரபுவின் வீடு இப்போது பொதுமக்கள் பார்க்கத் திறந்திருக்கிறது. திரும்பி வரும்போது அம்மாவும் பிள்ளையும் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். அவ்வளவு பெரிய கோடீஸ்வரர் படுக்கையறை அலமாரிக்குள்ளேயே பட்டறைச் சாமான்களை வைத்திருந்தாராம். நேற்று ஆபீஸிலிருந்து வந்து பார்த்தால் என் பீரோவில் கீழ்த்தட்டுக் காலி. பட்டுப் புடவைகள் சூட்கேஸில். அந்த இடத்தில் பேப்பர் விரித்து ஸ்பேனர்கள், அளவு வாரியாக, வரிசையாக. "கராஜுல ஈரம், துருப் புடிச்சுரும்" என்றார் அத்தை, அடுக்கியது தான்தான் என்பதை மறைக்கக்கூட இல்லை.

இன்று காலையில் காபியோடு அடுத்த இடி. அத்தையின் தம்பி பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோட்டத்தில் அம்பாசிடர் ஒன்று சும்மா நிற்பதைப் பார்த்துவைத்திருக்கிறாராம். கப்பலில் கொண்டுவர எவ்வளவு ஆகும் என்று ரங்கமணி விசாரித்தாயிற்று. கொண்டுவந்து எங்கே நிறுத்துவதாக உத்தேசம் என்று கேட்டேன். இரண்டு பேரும் பேசி வைத்த மாதிரி ஜன்னல் வழியாக என் வெந்தயக்கீரைப் பாத்தியைப் பார்த்தார்கள்.