முழியைப் பார்த்து ஆள் எடுப்பது

ஆத்தங்குடிக் கல், அதாவது கண்ணாடிமேல் கலர் சிமெண்டைக் கையால் ஊற்றிச் செய்யும் தரைக்கல், செய்கிற பட்டறைகளுக்கு ஆள் எடுக்கும்போது வழக்கமாகக் காதில் விழும் பேச்சு: "இவன் முழியே சரியில்ல", "ஆளு நோஞ்சான், நாலு நாள் தாங்கமாட்டான்", "முகத்துல களை இருக்கு, வச்சுக்கலாம்." வேலை தெரியுமா என்பதற்கு இந்த மூன்றிலும் பதில் இல்லை. ஆனாலும் வந்தவர் உட்காருவதற்குள் முடிவாகிவிடுகிறது. அதன்பிறகு கேட்கிற கேள்வியெல்லாம் அந்த முடிவுக்கு முட்டுக் கொடுக்கத்தான்.

இது நம்மூர்ப் பழக்கம் மட்டுமல்ல. 1920இல் எட்வர்ட் தார்ன்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர், ராணுவ அதிகாரிகள் தங்கள் கீழே இருந்தவர்களுக்குப் போட்ட மதிப்பெண்களை ஆராய்ந்தார். உடற்கட்டுக்கு நல்ல மதிப்பெண் வாங்கியவருக்கே அறிவு, தலைமை, குணம் எல்லாவற்றுக்கும் நல்ல மதிப்பெண் விழும் போக்கு தெரிந்தது. 2006இல் வில்லிஸ், டோடரோவ் இருவரும் பிரின்ஸ்டனில் செய்த சோதனையில், முன்பின் தெரியாத முகத்தை நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் காட்டியதுமே நம்பலாமா கூடாதா என்று பார்த்தவர்கள் சொல்லிவிட்டார்கள். கூடுதல் நேரம் கொடுத்தபோது கருத்து பெரிதாக மாறவில்லை, அதன்மேல் உறுதிதான் கூடியது.

நம் பக்கத்தில் எங்கே பிசகுகிறது என்று பார்த்தால், முதலில் கண். சுற்றுக் கிராமத்திலிருந்து வரும் பையன் பெரியவர் முன்னால் தலையைக் குனிந்துதான் பேசுவான். வீட்டில் மரியாதை என்று பழக்கியது, இங்கே திருட்டு முழி ஆகிவிடுகிறது. சிவந்த கண் என்றால் குடி என்கிறார்கள். சிமெண்ட் தூசியில் நின்றவருக்கும் கண் சிவக்கும். வெயிலில் பல வருஷம் கண்ணைச் சுருக்கி வேலை செய்தவர் கோபக்காரர் போலத் தெரிவார். உள்ளங்கைக் காய்ப்பும் விரல் வெடிப்பும் கொஞ்சம் உதவும், ஆனால் சிமெண்டைத் தொட்ட கை என்பதற்கு மேல் அவை எதுவும் சொல்லாது. கலர் ஊற்றத் தெரியுமா என்பது வேறு கேள்வி.

இதைவிட வருத்தம் தருவது, பழைய பெரிய வீடுகளை விடுதியாக்கிய சில இடங்களில் வரவேற்புக்கு "சிவப்பா, லட்சணமா" ஆள் கேட்பது. ராத்திரி பத்து மணிக்கு அறை கிடைக்காமல் நிற்கும் விருந்தாளியிடம் பேசுவதற்கும் தோல் நிறத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்தப் பேச்சையே நடித்துக் காட்டச் சொன்னால் ஐந்து நிமிஷத்தில் ஆள் தெரிந்துவிடும்.

பட்டறையில் அரைநாள் வேலை கொடுத்துப் பார்ப்பதுதான் சரி. துடைத்த கண்ணாடி, இரும்புச் சட்டம், அதற்குள் டிசைன் அச்சு. கலர்க் கலவையை அச்சின் ஒவ்வொரு அறையிலும் ஊற்ற வேண்டும். தண்ணீர் கூடினால் அச்சை எடுத்ததும் ஒரு கலர் இன்னொன்றில் ஓடும். கெட்டியானால் மூலைக்குப் போகாது, கல்லின் முகத்தில் பொத்தல் விழும். அச்சை நேர் மேலே தூக்க வேண்டும், கை சாய்ந்தால் கோடு இழுபடும். அதன்மேல் தூவும் உலர்ந்த சிமெண்ட்-மணல் குறைந்தால் ஈரம் நின்று கலர் கலங்கும், அதிகமானால் அடுத்து வைக்கும் சாந்து பிடிக்காமல் பின்னால் பெயர்ந்து வரும். முதல் இரண்டு கல்லைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. புது இடத்தில் யாருக்கும் கை நடுங்கும்.

கோடு இழுபட்ட அந்த நேரத்தில் ஆளைக் கவனியுங்கள். "அண்ணே, இது போச்சு, வேற போடுறேன்" என்று சொல்லிக் கண்ணாடியைக் கழுவப் போகிறாரா, உலர் கலவையை அள்ளிப் போட்டு மூடுகிறாரா? கல்லின் முகம் கண்ணாடிப் பக்கம் கீழே இருப்பதால், மேலிருந்து பார்த்தால் இரண்டு கல்லும் ஒன்றுதான். கண்ணாடியோடு தூக்கி அடியில் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். நாணயத்தைப் பார்க்க வேண்டிய இடம் இது. முழியில் அதைத் தேடிப் பயனில்லை.

பர்மா, மலேயா, இலங்கை என்று லேவாதேவி நடத்திய நகரத்தார் கடைகளிலும் பையன் முதலில் கடைநிலை உதவியாளாகப் பெட்டியடியில்தான் உட்கார்ந்தான். ஏஜெண்டுக்கு அடுத்த நிலையான அடுத்தாளாகி, பிறகுதான் கடையை நடத்தும் ஏஜெண்டு. அதுவும் மூன்று வருஷக் கணக்குக்கு. சொந்தம், ஊர் என்ற சல்லடை அங்கே இருந்தது உண்மைதான், அதை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. ஆளைப் படிப்படியாக வேலையில் வைத்துப் பார்த்த முறையை எடுத்துக்கொள்ளலாம்.

சோதனையை இரண்டு பேர் பார்க்கட்டும். கோடு, கலர், மட்டம், தப்பைச் சொன்ன விதம் என்று நான்குக்கும் தனித்தனியாக மதிப்பெண் எழுதிய பிறகே இருவரும் பேச வேண்டும். முன்பு வேலை பார்த்த இடத்தில் "ஆள் எப்படி?" என்று கேட்டால் "நல்ல பையன்" என்ற பதில்தான் வரும். "திரும்பி வந்தால் சேர்த்துக்கொள்வீர்களா?" என்று கேளுங்கள். எடுக்காத ஆளுக்கும் அரைநாள் கூலியை அன்றைக்கே கையில் கொடுத்து, எந்தக் கல்லில் என்ன தப்பு என்று காட்டி அனுப்புங்கள்.