வில்லனுக்கு என்ன வேண்டும்?

வெளிநாட்டுப் படங்களுக்கும் கார்ட்டூன்களுக்கும் தமிழ் வசனம் எழுதுவது என் வேலை. இதில் என்னை ரொம்பப் படுத்துகிறவன், காரணமே சொல்லாமல் உலகத்தை அழிக்கக் கிளம்பி வரும் வில்லன்தான்.

உதட்டசைவைச் சமாளித்துவிடலாம். ‘ஆல் ஆஃப் தெம்’ என்று அவன் வாயை மூடும் இடத்தில் ‘எல்லாரையும்’ கச்சிதமாக உட்காரும். சிக்கல் மைக் முன்னால் வரும். குரல் கொடுப்பவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, “சார், இவனுக்கு என்னதான் வேணும்?” என்பார். கோபமா, பொறாமையா, பயமா என்று தெரிந்தால்தான் குரல் வரும். தெரியாவிட்டால் அடித்தொண்டையில் ஒரு கரகரப்பு, கடைசியில் ஒரு சிரிப்பு. அப்புறம் அதே வசனத்தை அடுத்த படத்து வில்லனுக்கு வைத்தாலும் பொருந்தும். எழுதினவனுக்கு அதுதான் வேதனை.

நம் அசுரர்கள் அப்படியில்லை. சூரபத்மன் தவம் கிடந்து வாங்கியது, 1008 அண்டங்களை 108 யுகம் ஆளும் வரம். உலகம் அழிந்துபோனால் அவன் யாரை ஆள்வது?

‘ஜஸ்டிஸ் லீக்’ என்ற சூப்பர் ஹீரோ படத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 2017-இல் வந்ததில் வில்லன் ஸ்டெப்பன்வுல்ஃப் மூன்று பெட்டிகளைத் தேடி வருகிறான், பூமியை நாசமாக்கப் பார்க்கிறான், அவ்வளவுதான். 2021-இல் இயக்குநர் ஸாக் ஸ்னைடரின் நான்கு மணி நேரப் பதிப்பு வந்தது. அதே ஆள், அதே பெட்டிகள். ஆனால் இதில் அவன் தலைவனுக்குத் துரோகம் செய்து துரத்தப்பட்டவன். இன்னும் 50,000 உலகங்களைப் பிடித்துக் கொடுத்தால்தான் கடன் தீரும், ஊர் திரும்பலாம். தலைவனின் ஆளிடம் அவன் தலைகுனிந்து கெஞ்சுகிற காட்சியைப் பார்த்தபோது, தமிழ் வசனம் தானாகவே என் மனதில் ஓடியது.

காரணம் என்றால் சோகமான முன்கதை வேண்டும் என்றில்லை. 2008-இல் வந்த பேட்மேன் படமான ‘தி டார்க் நைட்’டில் ஹீத் லெட்ஜர் நடித்த வில்லன் ஜோக்கர், தன் வாய்த் தழும்புக்கு ஆளுக்கொரு கதை சொல்வான். எது நிஜமென்று படம் சொல்லவே சொல்லாது. ஆனால் அவனுக்கு வேண்டியது தெளிவு: எல்லாரும் உள்ளுக்குள் தன்னைப் போலத்தான் என்று காட்ட வேண்டும். அதற்குத்தான் ஆட்கள் நிறைந்த இரண்டு படகில் குண்டு வைத்து, ஒன்றைத் தகர்க்கும் கருவியை இன்னொன்றில் இருப்பவர்களிடம் கொடுக்கிறான்; நள்ளிரவுக்குள் யாராவது மற்றவர்களை அழிப்பார்கள் என்று காத்திருக்கிறான். நள்ளிரவு தாண்டியும் எதுவும் வெடிக்காதபோது அவன் தோற்கிறான். எதுவுமே வேண்டாதவன் தோற்றால் அவனுக்கு என்ன நஷ்டம்?

கதையை மாற்றும் உரிமை எனக்குக் கிடையாது. ஆனால் படத்தில் சின்னத் துணுக்கு கிடைத்தாலும் விடமாட்டேன். ஒரு கார்ட்டூனில் வில்லன் அடிக்கடி ஜன்னலோரம் நின்று கீழே விளையாடும் பிள்ளைகளைப் பார்ப்பான். வரைந்தவர்கள் அங்கே ஏதோ வைத்திருக்கிறார்கள் என்று பட்டது. ‘எல்லாத்தையும் அழிப்பேன்’ என்று வரவேண்டிய இடத்தில், ‘எனக்குக் கிடைக்காதது யாருக்கும் வேண்டாம்’ என்று எழுதிக் கொடுத்தேன். குரல் கொடுத்தவர் ஒரே டேக்கில் முடித்தார். சானல்காரர்களும் சரி என்றுவிட்டார்கள்.