ஐஸ் ஹவுஸில் இருந்த பெண்கள்

"ஐஸ் ஹவுஸா, விவேகானந்தர் இல்லமா?" என்று கேட்டார் ஆட்டோக்காரர். இரண்டும் ஒன்றுதான். நான் பார்க்கப் போனது, அதே கட்டடத்தில் இருந்த மூன்றாவது வீட்டை: இளம் விதவைகள் தங்கிப் படித்த இல்லத்தை.

மெரினாவுக்கு எதிரே, வளைந்த சுவரோடு நிற்கிறது. பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் பாளங்களை வைக்க 1842-ல் கட்டியது. இங்கேயே ஐஸ் செய்ய இயந்திரம் வந்ததும் வியாபாரம் படுத்துவிட்டது. அப்புறம் வக்கீல் பிலிகிரி ஐயங்கார் வாங்கி, வீடாக்கினார். 1897-ல் விவேகானந்தர் வந்து தங்கினார். மாடியில் அவர் இருந்த அறைக்குத்தான் கூட்டம்.

எனக்கோ அந்த விதவைகள் இல்லத்தைத் தொடங்கிய சிஸ்டர் சுப்பலட்சுமி ஞாபகம். 11 வயதில் கல்யாணம். கொஞ்ச நாளிலேயே கணவர் இறந்துவிட்டார். அந்தக் காலத்தில் அதற்கப்புறம் மொட்டைத் தலையும் மூலையும்தான். அவருடைய அப்பா அதற்கு ஒப்பவில்லை, படிக்க வைத்தார். 1911-ல் சுப்பலட்சுமி மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முடித்தார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண் அவர்தான்.

1912-ல் எழும்பூரில், தன்னைப் போன்ற சிறுமிகளை வீட்டிலேயே சேர்த்துக்கொண்டு படிக்க வைக்கத் தொடங்கினார். சமையலையும் வீட்டையும் பார்த்துக்கொண்டது, தானும் இளம் விதவையான சித்தி. படித்துப் பட்டம் வாங்கியவரைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். அத்தனை பிள்ளைகளுக்கும் சோறு வடித்த அந்தச் சித்தியைப் பற்றி யார் எழுதுகிறார்கள்? பெண்கள் பெருகப் பெருக இடம் போதாமல்தான் இல்லம் இந்தக் கடற்கரைக் கட்டடத்துக்கு வந்தது. பிராமண விதவைகளுக்கு மட்டுமான இல்லம் என்பது இன்று உறுத்தத்தான் செய்கிறது.

கடலைப் பார்த்த ஒரு ஜன்னலோரம் நின்றேன். கம்பியில் கை வைத்தால் உப்புப் பிசுபிசுப்பு. வீட்டு மூலையை விட்டால் வேறு உலகம் தெரியாமல் வந்த பெண்ணுக்கு முதல் நாள் காலையில் இவ்வளவு பெரிய தண்ணீர் தெரிந்தால் எப்படி இருந்திருக்கும்? படிப்பை விடுங்கள், அதுவே பாதி வைத்தியம்.

பக்கத்திலேயே லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி. 1922-ல் அதன் முதல் முதல்வரும் சுப்பலட்சுமிதான். நான் வெளியே வந்தபோது கல்லூரி கேட்டிலிருந்து மூன்று மாணவிகள், சுருட்டிய சார்ட் பேப்பர் காற்றில் பிய்த்துக்கொண்டு போகாமல் நெஞ்சோடு அணைத்தபடி, பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தார்கள்.